பாலிங்கில் நடக்காத பேச்சுவார்த்தை

எனக்கு எச்.பி.வி. தொற்று இருந்தது.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருக்கிறது. 'எனக்கு இனிப்புநீர் இருக்கிறது' என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நம் ஆட்கள் சத்தமாகச் சொல்லும் விஷயம் அது. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சண்டை. இந்தத் தூரத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி செத்தாள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 36 வயது. பாலிங்கில் பிறந்து, கோலக்கெட்டில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். வேறு காரணத்துக்காக ஓர் அரசாங்கக் கிளினிக்குப் போன அன்று மிஸி ஒருவர், "வயசு முப்பது தாண்டிருச்சா? இந்த டெஸ்ட் எடுத்துருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு குழாயைக் கையில் கொடுத்தார். உள்ளே பஞ்சு வைத்த நீளமான குச்சி. கழிவறைக்குப் போய் நாமே எடுத்துக்கொள்ளலாம். கால் விரித்துப் படுக்க வேண்டியதில்லை, யாரும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு நிமிடம். வலியும் இல்லை. சில வாரங்களில் முடிவு வந்தது. கிருமி இருக்கிறது, ஆனால் 16, 18 என்ற மிக ஆபத்தான இரண்டு வகைகள் இல்லை, அடுத்த சோதனைக்கு வரவும்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. உன் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்?" என்றார். நோய் எப்படிப்பட்டது, ஆபத்தா, மருந்து உண்டா என்று ஒரு கேள்வியும் இல்லை. கணவரிடம் சொன்னேன். நல்ல மனுசர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எங்கேருந்து வந்துச்சு?" மூன்றாவதாக ஒரு நண்பரிடம் சொன்னேன். எங்கள் வாசிப்புக் குழுவில் உடல் அரசியல் பற்றி ஒரு மணி நேரம் குறிப்பு இல்லாமல் பேசக்கூடியவர். "ஓ" என்றார். பிறகு அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்ன நாவல் என்று கேட்டார்.

மூன்று பேரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் மூன்று பேருக்கும் இது நோய்ச் செய்தியாகக் கேட்கவில்லை. நடத்தைச் சான்றிதழாகக் கேட்டது.

*

'எங்கேருந்து வந்துச்சு' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கிருமியைப் பொறுத்தவரை அதற்குப் பெரும்பாலும் விடையே கிடையாது.

எச்.பி.வி. என்பது ஒரே கிருமி அல்ல. 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். சில வகைகள் கையில் காலில் மரு உண்டாக்கும். ஏறக்குறைய 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதிக்கு வரும். அதில் 6, 11 என்ற வகைகள் அங்கே மருவை உண்டாக்கும். 16, 18 என்ற இரண்டும்தான் உலகத்தில் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுவதுமே இந்தக் குடும்பத்துக் கிருமியால்தான் வருகிறது.

இது எச்.ஐ.வி. போல இரத்தத்தில் ஓடுவதில்லை. தோலிலும் உள்சவ்விலும் இருக்கும். உடலுறவின்போது தோல் தோலோடு உரசும்போது பரவும். முழு உறவுகூட வேண்டியதில்லை. அதனால்தான் ஆணுறை ஆபத்தைக் குறைத்தாலும் முழுதாகத் தடுக்காது. அது மூடாத இடத்தில் இருந்தும் கிருமி வரும். கழிவறை இருக்கையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இதன் வழக்கமான வழி உடலுறவுதான். உடலுறவு வாழ்க்கைக்குள் வந்தவர்களில் ஆணும் பெண்ணுமாகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை இது தொற்றியிருக்கும். தொற்றியது தெரியாது. காய்ச்சல் வராது, புண் வராது, அரிப்பு வராது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். மிச்சம் உள்ளவர்களுக்குத்தான் அது தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றி, 15, 20 வருடம் கழித்துப் புற்றாக எழும்பும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் சுருங்கும். புகைப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று ஒரு பெண்ணுக்குத் தெரியவரும் கிருமி, போன வருடம் வந்ததாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் வந்து அடங்கிக் கிடந்து மீண்டும் தலைதூக்கியதாகவும் இருக்கலாம். அவளுக்கு வாழ்நாளில் ஒரே ஆண்தான் என்றாலும் வரும். அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு காதலி இருந்திருந்தாலும் போதும். எந்தச் சோதனையும் 'இந்தத் தேதியில், இந்த ஆளிடமிருந்து' என்று சொல்லாது. ஆகவே எச்.பி.வி. முடிவை வைத்து ஒருவரின் ஒழுக்கத்தை அளப்பது, தடிமன் பிடித்தவரைப் பார்த்து யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று விசாரிப்பது மாதிரி.

என் கணவருக்கு இதை விளக்க மூன்று இரவுகள் பிடித்தன. மூன்றாம் இரவு அவர் கேட்டார்: "அப்ப எனக்கும் இருந்திருக்குமா?" இருந்திருக்கும். ஆனால் அவரைச் சோதிக்க வழி இல்லை. ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான எச்.பி.வி. சோதனை கிடையாது. சுமப்பது இருவரும், முடிவுத்தாள் வருவது ஒருத்திக்கு மட்டும். விசாரணையும் அவளுக்கு மட்டும்.

*

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அம்மாவின் அக்கா. அவரும் பால்மரம் வெட்டியவர்தான். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போட்டார், பழம் பொறுக்கினார். தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து அவருக்கு மறுபடியும் இரத்தம் பட ஆரம்பித்தது. "சூடு" என்றார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். பிறகு வாடையோடு வெள்ளை பட்டது. அதையும் சூடு என்றார். இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்தார். வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் ஆண்கள் காதில் போடவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவரால் நடக்க முடியவில்லை. 52 வயதில் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் என்ன நோய் என்று கேட்டவர்களுக்கு, "வயித்துல கட்டி" என்று சொல்லச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு அப்போது 17 வயது.

பெரியப்பா லாரி ஓட்டியவர். தாய்லாந்து எல்லை வரைக்கும் போவார். பெரியம்மா செத்ததும் சொந்தக்காரப் பெண்கள் சமையற்கட்டில் குசுகுசுத்தது இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, "லாரி ஓட்டுற மனுசன், தெரியாதா?" இன்னொன்று, "இவளுக்கு ஏன் இந்த எடத்துல வந்துச்சோ, யார் கண்டா?" இரண்டாவதைக் கேட்டு நான் கொதித்தேன். முதலாவதை நம்பினேன். பதினெட்டு வருடமாகப் பெரியப்பாவோடு நான் சரியாகப் பேசியதில்லை.

என் முடிவு வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. பெரியப்பாமேல் நான் வைத்த வழக்கும் அதே பழைய விசாரணைதான். கூண்டில் நிற்கும் ஆள் மட்டும் மாறியிருந்தார். பெரியம்மாவைக் கொன்றது யார் கிருமியைக் கொண்டுவந்தார் என்பது அல்ல. கிருமி வந்ததற்கும் அவர் செத்ததற்கும் நடுவில் குறைந்தது பதினைந்து வருடம் இருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை யாராவது அவரைச் சோதித்திருந்தால், மாறிய செல்களை அங்கேயே சுட்டோ வெட்டியோ எடுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்திருப்பார். அப்படி ஒரு சோதனை இருப்பதே அவருக்குத் தெரியாது. பாப் ஸ்மியர் இந்த நாட்டில் 1960களின் கடைசியில் இருந்தே உண்டு. அவரைவிடப் பதினைந்து வயதுதான் அந்தச் சோதனை இளையது.

*

இந்த நோயை நடத்தையோடு கட்டிப் பார்க்கும் புத்தி நம்முடையது மட்டுமல்ல. 1842இல் இத்தாலியின் வெரோனா நகரத்து மருத்துவர் ரிகோனி-ஸ்டெர்ன், அந்த ஊர் மரணப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடம் அரிதாகவும் மணமான பெண்களிடம் அதிகமாகவும் இருப்பதைக் கவனித்தார். கூர்மையான கவனிப்பு. உடலுறவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அது காட்டியது. ஆனால் என்ன தொடர்பு என்று தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1983, 1984இல் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு 16, 18 வகைகளைப் புற்றுக் கட்டிக்குள்ளேயே கண்டுபிடித்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரணம் கிருமி என்று தெரிந்ததும் விஞ்ஞானம் ஒழுக்கப் பேச்சை விட்டுவிட்டுத் தடுப்பூசியைச் செய்தது. 2006இல் முதல் ஊசி வந்தது. நாம் மட்டும் இன்னும் 1842இலேயே நிற்கிறோம்.

அந்த ஊசி என்ன செய்தது என்பதற்கு இப்போது சாட்சி இருக்கிறது. சுவீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்தது என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். ஒரு புற்றுநோயை ஊசியால் நிறுத்த முடிகிறது. இதைவிடப் பெரிய செய்தி நம் காலத்தில் என்ன இருக்கிறது?

மலேசியா இதில் பின்தங்கிய நாடும் அல்ல. 2010இலேயே 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாக ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் மூன்று ஊசி. 2015இல் இரண்டாகக் குறைந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அமைப்போடு சேர்ந்து 2018இல் 'ரோஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்க, முடிவு கைத்தொலைபேசிக்கு வரும் முறை அது. நாட்டில் ஊசி இருக்கிறது, குச்சியும் இருக்கிறது. ஆனால் 1997க்கு முன் பிறந்த என் போன்றவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஊசிக்குத் தப்பிப் போனவர்கள். எங்களுக்கு இருப்பது சோதனை ஒன்றுதான். ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயது தாண்டியதும் சோதனை எடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் அடக்குவதில்லை.

நம் சமூகத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியப் பெண்களிடையே இந்த நோயின் விகிதம் மலாய்ப் பெண்களைவிட அதிகம். இந்த வரியைப் படித்ததும் உங்கள் மனசு 'ஏன், நம்ம பொம்பளைங்க…' என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த 'ஏன்'தான் எங்கள் பெரியம்மாவின் சாவு வீட்டில் கேட்டது. கேட்க வேண்டியது இது: தோட்டத்தில் இருந்து கிளினிக்குப் போக ஒரு நாள் கூலி போகும் பெண்ணுக்கு, போனால் என்ன சொல்வார்களோ என்ற பயமும் சேர்ந்தால், அவள் எத்தனை வருடம் தள்ளிப் போடுவாள்?

*

பணமும் பெரிய ஆஸ்பத்திரியும் இல்லாமல் ஒன்றும் முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு கதை. எங்கள் தாத்தா கப்பல் ஏறியது திண்டுக்கல் பக்கத்து ஊரில் இருந்து என்பார்கள். கங்காணி பிடித்து வந்த ஜனம். அந்தத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். ஏறத்தாழ 31,000 பேர் வந்தார்கள். சோதித்தது பெரிய டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற நர்சுகள். கருவி என்ன தெரியுமா? வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், நீர் கலந்தது. அதைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிய செல் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறையவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: இப்படி ஒரே ஒரு சுற்றுச் சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால், நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தது.

அந்த 31,000 பேரும் நம்மைவிடப் படித்தவர்கள் அல்லர். கூச்சம் இல்லாதவர்களும் அல்லர். அவர்கள் ஊருக்கு வந்து, அவர்கள் மொழியில், அவர்கள் மரியாதைக்குப் பங்கம் வராமல் யாரோ பேசியிருக்கிறார்கள். அவர்களும் வந்திருக்கிறார்கள். தாத்தாவின் ஊரில் நடந்தது பேத்தியின் ஊரில் நடக்காதா?

*

இனி எதிர்வாதங்கள். எங்கள் குடும்பப் புலனக் குழுவில் இவை எல்லாம் வரும்.

"13 வயசுப் புள்ளைக்கு இந்த ஊசி போட்டா கெட்டுப் போவ வழி காட்டுற மாதிரி." கிருமி வருவதற்கு முன் போட்டால்தான் ஊசி வேலை செய்யும். வந்த கிருமியை அது விரட்டாது. 13 வயது என்பது அதற்காக. பால் வெட்டும் அம்மாவுக்கு இதை ஒரே வரியில் சொன்னேன்: "மழை பெஞ்சு முடிச்சப்புறம் மரத்துக்கு மழைக்காப்பு கட்டுவியாம்மா?" ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் அதனால் சீக்கிரம் உறவுக்குப் போனார்களா என்று பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். இல்லை. மஞ்சள் காமாலை பி ஊசியைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம். அதுவும் உடலுறவால் பரவக்கூடிய நோய்தான். அப்போது யாரும் குழந்தையின் கற்பைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"போட்டா புள்ள பொறக்காது." இதற்கு ஆதாரம் கிடையாது, உலகச் சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு பலமுறை ஆராய்ந்துவிட்டது. உண்மையில், நோய் முற்றினால்தான் கருப்பையே போகும். வதந்தி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. பக்கவிளைவுப் பயத்தில் 2013இல் அரசாங்கம் ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 விழுக்காடு அளவில் இருந்த ஊசி ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. 2022இல்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். நடுவில் போன ஒன்பது வருடத்துப் பெண்களுக்கு யார் பொறுப்பு?

"ஆந்திராவுல பொண்ணுங்க செத்தாங்களே?" இதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு செயல்திட்டமாக இந்த ஊசியைப் போட்டார்கள். சில பெண் பிள்ளைகள் இறந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் சாவுகளுக்கு ஊசி காரணம் என்று தெரியவரவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். அது அநியாயம். அந்த அநியாயம் சொல்வது ஊசி வேண்டாம் என்பதை அல்ல. ஏழைப் பெற்றோரிடம் அவர்கள் மொழியில் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடு என்பதை. நம் பிள்ளை கொண்டுவரும் அனுமதிப் பாரமும் மலாயில்தான் இருக்கும். அதைப் படித்துத் தமிழில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

கடைசியாக ஆண்கள் சொல்வது: "இது பொம்பளைங்க நோய்." தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆணுறுப்பிலும் வரும் சில புற்றுகளுக்கும் இதே கிருமிதான் காரணம். ஆஸ்திரேலியா 2013இல் இருந்தே பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் ஊசி போடுகிறது. நம் பள்ளித் திட்டம் தொடங்கியது பெண்களுக்காக மட்டும். பையன் வேண்டுமென்றால் தனியார் கிளினிக்கில் காசு கட்டித்தான் போட வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் 20, 22 வயதுத் தம்பிகளே, ஒரு கைத்தொலைபேசிக்கு உறை வாங்கும் முன் நான்கு கடை ஏறி விலை கேட்கிறீர்கள். இதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

*

இப்போது நம் சபைக்கு வருகிறேன். இலக்கியச் சபை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது தமிழ்நாட்டில் கிளம்பிய எதிர்ப்பை நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்று கேட்டால் நம் குழுவில் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக் கை தூக்குவோம். பெண் உடலை எழுதுவது அவள் உரிமை என்போம். மிகச் சரி. ஆனால் அந்த உடலுக்கு ஒரு கருப்பை வாய் உண்டு, அதில் ஒரு கிருமி தங்கும், அதை ஒரு பஞ்சுக் குச்சி காட்டிக்கொடுக்கும் என்று ஒரு பெண் நேரில் சொன்னால் 'ஓ' என்கிறோம். கவிதையில் வந்தால் விடுதலை, முடிவுத்தாளில் வந்தால் அசிங்கமா?

நம் தோட்டத்துக் கதைகளையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கள்ளுக்கடை இருக்கும், தண்டல் இருப்பார், கிராணி இருப்பார், பாம்பு கடித்துச் சாவார்கள், ஜப்பான்காரன் ரயில் பாதையில் சாவார்கள். பெண் சாகும்போது மட்டும் அவளுக்கு 'என்னமோ நோய்'. இருமுவாள், மெலிவாள், ஒரு நாள் இருக்க மாட்டாள். அந்த 'என்னமோ' என்ன என்று எழுத்தாளன் விசாரிக்கவில்லை. விசாரிக்க அவனுக்கும் கூச்சம். எங்கள் பெரியம்மாவின் 'வயித்துல கட்டி'க்கும் நம் கதைகளின் 'என்னமோ நோய்'க்கும் ஒரே முகவரிதான்.

கடாரம் கொண்டதைப் பற்றி ஆயிரம் வருடமாகப் பெருமை பேசுகிறோம். அந்தக் கடாரத்தில் இன்று வாழும் ஒரு தமிழ்ப் பெண் எந்த நோயில் சாகிறாள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

பாலிங்கை உலகத்துக்குத் தெரிவது ஒரு பேச்சுவார்த்தையால். 1955 டிசம்பர் 28, 29 இரண்டு நாள், இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில், துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் ஒரு பக்கம், சின் பெங் குழு ஒரு பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். தோற்றுப்போன பேச்சுவார்த்தைதான். ஆனாலும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு மேசைக்கு வந்தார்கள். இதே பாலிங்கில் என் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே லயத்தில் பதினைந்து வருடம் அக்கம்பக்கமாக இருந்தும், இந்த ஒரு விஷயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளவில்லை.

*

என் அடுத்த சோதனையில் செல்கள் நன்றாகவே இருந்தன. 12 மாதம் கழித்து வரச் சொன்னார்கள். போனேன். கிருமி இல்லை. பெரும்பாலோருக்கு நடப்பதுதான் எனக்கும் நடந்தது. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும் சிகிச்சை உண்டு.

அதற்குப் பிறகு நான் செய்தது இரண்டு. ஒன்று, பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு 78 வயது. காது கேட்காது. என்ன நோயில் பெரியம்மா செத்தார் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. சத்தமாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பயே பாத்துருந்தா பொழைச்சிருப்பாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. பிழைத்திருப்பாளா என்றுதான் கேட்டார். அத்தனை பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு, அண்ணன் மகளின் அனுமதிப் பாரம். பள்ளியில் கொடுத்து ஒரு வாரமாக அலமாரிமேல் கிடந்தது. அண்ணி, "மத்த புள்ளைங்க போடட்டும், பாப்போம்" என்றார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். என் முடிவுத்தாளையும் காட்டினேன். அம்மா எழுந்து சமையற்கட்டுக்குள் போனார்; ஆனால் தண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தே, இது எதுக்குப் போடுற ஊசி?"

"பெரியவளாகிக் கல்யாணம் காட்சின்னு ஆனப்புறம் ஒரு கிருமி வரும். எல்லாருக்கும் வர்றதுதான். அது உனக்குப் புற்றுநோயா மாறாம இருக்க."

"பெரிய பாட்டிக்கு வந்த மாதிரியா?"

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "ஆமா," என்றேன், "அது மாதிரிதான்."

அடுத்த வாரம் அம்மாவின் தங்கையைக் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். 58 வயது. ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. நானே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் வீட்டிலும் 30 தாண்டிய ஒருத்தி இருப்பாள். இந்தக் கட்டுரையை அவளுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வண்டிச் சாவியை எடுங்கள்.